குள்ளர் வீட்டுக்கு ஒரு சொல்

1

என் மகள் கயலுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பிறந்த நாட்டின் உலகப் பாரம்பரியச் சின்னங்களைப் பற்றி வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். இயற்கை தந்தது பாதி, மனிதர் கட்டியது பாதி. "பிறந்த நாடு" என்று ஆசிரியை சொன்னதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்ததாம். கயல் பிறந்தது இதே குவாங்ஜு நகரத்து ஆஸ்பத்திரியில்தான், தென்கொரியாவின் தெற்கு மூலையில். அவள் முகம் மட்டும் வேறொரு நாட்டில் பிறந்திருக்கிறது.

சுவரில் மஞ்சள் சீட்டுகளை ஒட்டினாள். தாஜ்மகால், மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், காசிரங்காக் காடு, மேற்குத் தொடர்ச்சி மலை. கடைசிச் சீட்டில் செஞ்சிக் கோட்டை.

"ப்பா, இது புதுசா சேத்தது. உங்க ஊர் பக்கமா?"

"பக்கம்தான். மலை எறங்கி, திருவண்ணாமலை போயி, அதுக்கப்புறம் கொஞ்ச தூரம்."

"அப்ப உங்க மலை?"

"லிஸ்டுல இல்ல."

"மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கே?"

"நம்பளது கிழக்குத் தொடர்ச்சி."

"ஓ," என்றாள். "தப்பான சைடு."

சிரித்துவிட்டேன். அன்று முழுக்க விளக்குத் தொழிற்சாலையில் எரிகிற விளக்கையும் எரியாத விளக்கையும் பிரித்துப் போட்டுக்கொண்டே, தப்பான சைடு, தப்பான சைடு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சரிவில் குள்ளர் வீடுகள் இருக்கின்றன. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடிக்கல், முன்கல்லில் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. எழுத்து வருவதற்கு முந்தைய மனிதர்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டியவை என்கிறார்கள் படித்தவர்கள். முழங்கால் உயர மனிதர்கள் குடியிருந்தார்கள், சூரியன் சுட்டு ஒருநாள் உள்ளேயே இறந்துவிட்டார்கள் என்கிறது மலை. இரண்டில் எதை நம்புகிறாய் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு பக்கமும் பேசுவேன். அதுதான் என் நோய், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊர் ஏக்கம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. ஜவ்வாது மலையை விட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கியவன் நான். அங்கே எனக்கு மிச்சமிருந்தது ஒரு பங்கு. அந்தச் சரிவு நிலம் மூன்று பேருக்குப் பொது: அண்ணன் வெள்ளையன், சித்தப்பா மகன் காளி, நான். விளைகிற சாமையை அண்ணன் வீடும் காளி வீடும் சாப்பிடுகின்றன. எனக்கு ஒரு மணி வருவதில்லை. ஆனால் அந்த நிலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் என்னைக் கேட்பார்கள். கடல் தாண்டியும் நான் கேட்கப்படுகிறவனாக இருந்தேன்.

2

கயல் சீட்டு ஒட்டிய வாரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிப் பாறை மேல் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை அவருக்கு.

"தம்பி, செஞ்சிக்கு வந்துட்ச்சாம்டா. உலகமே எழுதி வெச்சிக்கிச்சாம். நம்ப குள்ளர் வூட்டுக்கு இன்னா கொறச்சல்?"

"இன்னாண்ணா திடீர்னு?"

"காலேஜுலருந்து நாலு பேரு வந்தாங்க. நாடா புடிச்சி அளந்தாங்க. மேல ஒண்ணு பறக்க வுட்டு படம் புடிச்சாங்க. செருப்ப கயட்டி வெச்சிட்டுதான் கிட்ட போனாங்க, அவ்ளோ மரியாத. மொதல்ல கெவருமெண்டு எடுத்துக்கினு வேலி போட்டு போர்டு வெக்குமாம். அப்பால என்னிக்கினா ஒருநாளு உலக லிஸ்டுக்கும் போவலாமாம். பங்காளிங்க ஒத்துக்கினா எழுதி அனுப்பறோம்னாங்க."

"போர்டு வெச்சா நம்பளுக்கு இன்னாண்ணா?"

"ரோடு!"

"ரோடு போடறன்னு சொன்னாங்களா?"

"வேலி போட்டவன் வேலிய பாக்க வர்ணுமில்ல? நடந்தா வருவான்? ஜீப்புல வருவான். ஜீப்பு வர ரோடு வேணும். ரோடு வந்தா பஸ்ஸு தானா வந்துடும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"செல்விக்கு மறுக்கா மாசம்டா. தை மாசம்னு தேதி குடுத்துகிறாங்க."

செல்வி அவர் மகள். முதல் பிரசவத்தின்போது மழையில் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தார்ரோடு வரைக்கும் இறங்கினார்கள். அடிவாரத்து ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜீப்பிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்று யாரும் பேசுவதில்லை.

"தை மாசத்துக்குள்ள ரோடு வராதுண்ணா."

"தெரியும்டா. இந்த தைக்கு இல்ல. எதுனா ஒரு தைக்கு வர்ணுமில்ல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர் கூடி வாய் கேட்கும் என்றார்.

வாய் கேட்பது எங்கள் மலையின் வழக்கம். பொது நிலத்தில் எது செய்வதானாலும் ஊர்க்கவுண்டர் பங்காளிகளை ஒவ்வொருவராகக் கேட்பார். கையெழுத்தும் சாட்சியும் கிடையாது. வேணும், அல்லது வேணாம். ஒரே சொல். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் அதை மறுக்க இன்னொருவன் எழுவான், சண்டை வரும். மூன்று முறை கேட்பார். மூன்றாவதிலும் அந்தச் சொல் வராவிட்டால் அவன் வாய் விட்டவன். அந்த நிலத்துக்கு அவனை அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். வாய்கள் சரிபாதியாக நின்றால் எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும்.

"காளி வேணான்றான்," என்றார் அண்ணன். "நான் வேணும்ன்றேன். நீதான்டா மூணாவது. அங்கதான் இந்த மாதிரி கல்லு கீதுன்னு சொல்லிக்கினு இருப்பியே, போயி பாத்துட்டு சொல்லு. போர்டு வெச்ச எடத்துல ஜனங்க எப்பிடி கீறாங்கன்னு."

3

அந்தக் கற்கள் இருக்கிற ஹ்வாசூன் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தும் டாக்சியுமாகப் போய்விடுகிற தூரம். பேருந்து நிறுத்தத்தில் அடுத்த வண்டி எப்போது வரும் என்று ஒரு பலகை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அண்ணனிடம் அந்தப் பலகையைப் பற்றி நான் பேசியதே இல்லை. கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். மலைச்சரிவு முழுக்கக் கற்கள். கொரிய மொழியில் கோயிந்தோல், முட்டுக்கொடுத்த கல் என்று பொருள். எங்களுடையவை பெட்டி மாதிரி இருக்கும், இவை குட்டைக் கால்களில் ஏறிப் படுத்திருக்கும் எருமைகள் மாதிரி. ஆனாலும் உறவு தெரிகிறது. தூரத்துச் சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்து, நெற்றியை வைத்து அடையாளம் கண்டுகொள்வோமே, அப்படி. உலகப் பட்டியலில் இருக்கிற நெற்றி. புல்லைச் சீப்பு போட்டு வாரி வைத்திருந்தார்கள். கயிறு கட்டி, பலகை நட்டு, கேமராவுக்கு ஒரு கம்பம்.

வண்டி நிறுத்துமிடத்தில் காப்பி வண்டி வைத்திருந்தவருக்கு என் வயதிருக்கும். நான் என் கொரிய மொழியில் விசாரித்தேன். கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ப்பா, நீங்க அவர்கிட்ட நாய்க்குட்டிகிட்ட பேசற மாதிரி பேசறீங்க."

"மரியாதையாத்தானே கேட்டேன்?"

"இல்ல. 'நீ இங்கியே பொறந்தியா, சாப்டியா'ன்னு கேட்டீங்க. விடுங்க, நான் கேக்கறேன்."

அவள் கேட்டாள். குனிந்து, குரலை மாற்றி, ஓர் அயலூர் நாகரிகத்தோடு. என் மகள் அந்த மொழிக்குள் நுழையும்போதெல்லாம் நான் வாசலில் செருப்போடு நிற்கிறேன்.

அவர் வீடு இப்போது புல்தரையாக இருக்கும் இடத்தில்தான் இருந்ததாம். சின்னத்தை ஒழுங்குசெய்தபோது அடிவாரத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அப்பா பெரிய கல்லின் மேல்தான் மிளகாய் காயவைப்பாராம். சின்னக் கல்லின் மேல் அம்மாவின் ஊறுகாய்ச் சாடிகள்.

"போன மாசம் இவர் சும்மா அந்தக் கல்லுல சாஞ்சாராம்," என்று கயல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "கம்பத்துல இருந்து ஒரு லேடி வாய்ஸ், 'பாரம்பரியத்தை விட்டு விலகி நிற்கவும்'னு சொல்லிச்சாம். இவர் 'அம்மா, இது எங்க அப்பா மிளகா கல்லு'ன்னு கத்தினாராம். அது மறுபடியும் விலகி நிற்கவும்னு சொல்லிச்சாம்."

"பலகை வெச்சது நல்லதா கெட்டதான்னு கேளும்மா."

அவர் வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கல்லாப்பெட்டியைத் தட்டினார். பிறகு புல்தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதனால நல்லதுன்னு சொல்றார். திங்கக்கிழமை வந்து கேட்டா வேற சொல்வாராம்."

திரும்பும் வழியில் பேருந்தில் கயல் சொன்னாள்: "அவர் யெஸ்ஸும் சொல்லல, நோவும் சொல்லல. உங்கள மாதிரியே."

4

காளி போனில் பேசமாட்டான். குரலைப் பதிந்து அனுப்புவான், பின்னால் ஆடுகள் கத்த.

"ண்ணா, காளி பேசறேன். நல்லாகீறியா? பாப்பா நல்லாகீதா? வெள்ளையண்ணன் சொல்லியிருப்பாரு. எனுக்கு அவரு மேல கோவம் இல்ல. செல்வி எனுக்கும் பொண்ணுதான், அந்த கட்டுலுக்கு ஒரு காலு நாந்தான் புடிச்சேன். ஆனா வேலி போட்டா என் சாமக்கொல்ல உள்ள பூடும். மழ வந்தா ஆடு எங்க ஒதுங்கும்? மொத சாமச்சோறு பொங்கி குள்ளர் வூட்டு ஓட்டையாண்ட வெக்கறமே, அத்த யாரு வெப்பாங்க? வாச்மேன் வெப்பானா? நீ இன்னா சொன்னாலும் சரி, ஒண்ணு சொல்லிடு. எதுத்து சொன்னாலும் ஒத்துக்கறேன். அவ்ளோதான்."

எதிர்த்துச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறேன் என்கிறவனுக்கு எதிர்த்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்த நாட்களில் நான் பாதிபாதியாகத் தூங்கினேன். வேணும் என்று நினைத்தால், சீவிவிட்ட புல்லுக்கு வெளியே காளி காப்பி விற்றுக்கொண்டு நின்றான். வேணாம் என்று நினைத்தால், நனைந்த கட்டில் மலையிறங்கியது. பேருந்து வரும் நேரம் பலகையில் தெரிகிற நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸுக்கு வேணாம் சொல்ல நான் யார்? இறங்கி ஓடி வந்த பிறகு, ஆடு ஒதுங்குகிற கல்லைச் சுற்றி வேலி போடு என்று சொல்லத்தான் நான் யார்? என் மனைவி சுமதி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க யாருன்னு உங்கள யாருங்க கேட்டாங்க? வேணுமா வேணாமான்னுதானே கேக்கறாங்க."

5

செவ்வாய்க்கிழமை எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த நேரம் கிடைக்க வாரக்கணக்காகும், அட்டையோ அதற்குள் காலாவதியாகிவிடும். எங்கள் மலையில் காலை என்றால் இங்கே மத்தியானம். ஊர் கூடுவதற்குள் என் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்திலும் அப்படிக் கணக்குப் போடக் கூடாது.

வரிசை எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. என்னுடையதற்கு இன்னும் சில எண்களே இருந்தபோது போன் அதிர்ந்தது. படிக்கட்டுக்கு ஓடினேன்.

தொட்டிப் பாறை மேலேயே கூடிவிட்டார்கள் போலிருந்தது. ஒரே இரைச்சல். போனைத் தட்டில் வைத்திருந்தார்களாம், வெற்றிலைக்குப் பக்கத்தில்.

"தம்பி, சத்தம் கேக்குதா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கேக்குதுங்க கவுண்டரே."

"மெல்ல பேசுப்பா, கொறியா வரைக்கும் கேட்டுடப்போவுது," என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கொரியாவில்தான் இருக்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

"வெள்ளையன் வேணும்னான். காளி வேணான்னான். மொத வாட்டி கேக்கறேன். வேணுமா, வேணாமா?"

"கவுண்டரே, நான் ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்கு போயி பாத்துட்டு வந்தேன். இங்கியும் இதே மாதிரி கல்லுங்க..."

பேசினேன். புல்தரையைச் சொன்னேன், மிளகாய்க் கல்லைச் சொன்னேன், காப்பி வண்டிக்காரரைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் குறுக்கே பேசவில்லை. என் பேச்சுக்கு மயங்கிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய் கேட்கும்போது காரணம் சொல்கிறவனைப் பார்த்து மலை வெட்கப்பட்டு அமைதியாகிவிடும் என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது.

"ரெண்டாம் வாட்டி கேக்கறேன். வேணுமா, வேணாமா?"

"ரெண்டு பக்கமும் ஞாயம் கீதுங்களே. செல்விய நெனச்சா ஒரு மாதிரி, காளிய நெனச்சா..."

"டேய்," என்றார் அண்ணன் தூரத்திலிருந்து. அதட்டலாக இல்லை. நனைந்த படியில் கால் வைக்கப் போகிறவனைக் கூப்பிடுகிற குரல்.

உள்ளே மணி அடித்தது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரில் என் எண் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற விளக்கையும் எரியாத விளக்கையும் பிரிப்பவன் நான், அது எரிவது நன்றாகத் தெரிந்தது.

"மூணாம் வாட்டி கேக்கறேன் தம்பி. வேணுமா, வேணாமா?"

"ஒரே நிமிசம் கவுண்டரே," என்றேன்.

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கவுண்டர் சொன்னார், குழந்தைக்குச் சொல்வது போல:

"சரிப்பா. ஒக்காந்துக்க."

படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தவனுக்குச் சொன்னது அது. கூட்டத்தில் வாய் விட்டவனுக்குச் சொல்வதும் அதேதான். எழுந்து நின்றவன் உட்கார வேண்டும்.

நான் உள்ளே ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம் அதிகாரி ஒருவர், களைத்த முகம். முகவரி இதுதானா? நே, என்றேன். கொரிய மொழியில் ஆமாம். வேலை அதேதானா? நே. மகள் இங்கே படிக்கிறாளா? நே. தொடர்ந்து இந்த நாட்டில் வாழ விரும்புகிறீர்களா?

"நே."

ஒவ்வொன்றும் ஒரே சொல். காரணம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பேசவில்லை. முத்திரை விழுந்தது.

6

வாய்கள் சரிபாதியாக நின்றுவிட்டன. இருப்பது இருந்தபடி. காலேஜ்காரர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வேறொரு மலைக்குப் போய்விட்டார்கள் என்று அண்ணி மூலம் தெரிந்தது. செல்வியை மார்கழியிலேயே ஒடுகத்தூரில் ஒரு வாடகை அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம், வலி வரும்வரை காத்திருக்க. புதிய இடத்தில் தூக்கம் வரவில்லை என்றாளாம். காளி மொத்தச் சாமையையும் அறுத்துவிட்டான். ஓட்டைக்கு முன்னால் பொங்கலும் வைத்துவிட்டான். அவன் ஜெயித்தான் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அனுப்புகிற பதிவுகளில் இப்போது ஆடுகள் மட்டும்தான் கத்துகின்றன, அவன் இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுகிறான்.

கயல் வகுப்பில் பேசினாள். கடைசியில் குள்ளர் வீட்டின் படத்தையும் காட்டினாளாம், அண்ணன் அனுப்பியதை. இது ஏன் பட்டியலில் இல்லை என்று ஆசிரியை கேட்டிருக்கிறார்.

"இன்னா சொன்ன?"

"அங்க இருக்கறவங்க இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னேன்."

அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள் என்று அவளிடம் சொல்ல வாய் எழவில்லை. அவள் மஞ்சள் சீட்டுகளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்து எந்தப் படிப்புக்கு எந்த நகரத்துக்குப் போவது என்பதை அவளும் அவள் சிநேகிதியும் பேசி முடித்தாயிற்று என்பதை அடுத்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

சரிவு நிலத்தின் மேல்வரப்பில் நிற்கிற புளியமரத்தை இந்த வருடம் உலுக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் மேலும் தப்பில்லை. வாய் விட்டவனைக் கேட்பது அவனைக் கேலி செய்வது போல. மரியாதைக்காகத்தான் கேட்காமல் இருக்கிறார்கள். முன்பு வருடத்தில் இரண்டு மூன்று தரமாவது, வேலையின் நடுவில் போன் அதிரும்: வரப்பு ஒதுக்கலாமா, கிணற்றுக்குப் படி வெட்டலாமா. சலித்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். இப்போது அந்தப் போன் அதிர்வதில்லை. இந்த நாட்டு அட்டையில் என் படம் தெளிவாக இருக்கிறது.

தை பாதியில் அண்ணன் கூப்பிட்டார். செல்விக்குப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியிலேயே. ஒடுகத்தூர் கடைத்தெருவிலிருந்து பேசினார். ஆட்டோச் சத்தம், நிலக்கடலை ஏலம் போடுகிற சத்தம். குழந்தையின் எடையைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், யார் சாயல் என்பதில் இரண்டு வீட்டுக்கும் சண்டை என்றார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது தொண்டையைச் செருமினார்.

"தம்பி."

"சொல்லுண்ணா."

"அன்னிக்கி நீ இன்னா சொல்லியிருப்ப?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சும்மா சொல்லுடா. இப்ப கணக்குல வராது."

"வேணும்," என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது, பக்கங்கள் ஏதும் இல்லாமல், தனியாக. அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. அண்ணன் மூச்சு விடுவது கேட்டது.

"இத்த சொல்ல ஒரு நிமிசங்கூட ஆவல, பாத்தியா," என்றார்.